கித்தாரின் விலை மரத்திலா, கையிலா?

சில நூறு வெள்ளிக்கும் கித்தார் கிடைக்கிறது. ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும் கித்தாரும் இருக்கிறது. இரண்டிலும் ஆறு தந்திகள்தாம். இரண்டிலும் அதே ஏழு சுரங்கள்தாம். பார்வைக்கும் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. அப்படியிருக்க, ஓரிருவர் மட்டுமே வேலை செய்யும் சிறு பட்டறையில் கையால் செய்யப்படும் எஃகுத் தந்திக் கித்தாருக்கு மட்டும் ஏன் அந்த விலை? பிள்ளைக்குக் கித்தார் வாங்கப் போகும் பெற்றோர் இக்கேள்வியைக் கேட்டால், கடையில் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "மரம் அப்படிப்பட்டது."

அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர், வியப்புக்குரிய வகையில், அந்தத் தொழிலிலேயே இருக்கும் ஒருவர். இங்கிலாந்தைச் சேர்ந்த ரோஜர் பக்னல், 1973ஆம் ஆண்டு லங்காஷியர் கரையோரப் பகுதியில் 'ஃபைல்ட் கித்தார்ஸ்' என்ற சிறு பட்டறையைத் தொடங்கினார். பட்டறை பின்னர் கம்பிரியா வட்டாரத்தின் பென்ரித் நகருக்கு இடம் மாறியது. ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்களின் பெயர்களையே தம் கருவிகளுக்கு வைப்பது அவருடைய வழக்கம். ஃபால்ஸ்டாஃப், ஓபரான், ஏரியல் என்றெல்லாம் அவை அழைக்கப்படுகின்றன. கோர்டன் கில்ட்ராப், நிக் ஜோன்ஸ் போன்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் கலைஞர்கள் அவற்றை வாசித்திருக்கிறார்கள். அவர் செய்த சோதனையைப் புரிந்துகொள்ள, கித்தார் எப்படி ஒலிக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

ஓர் ஆள் எடையைத் தாங்கும் பலகை

தந்தி மட்டும் தனியாக அதிர்ந்தால் காதில் விழுவது மிகச் சிறிய ஒலி. மெல்லிய கம்பியால் போதிய காற்றை அசைக்க முடியாது. தந்தியின் அதிர்வு, வீணையில் இருப்பது போலவே கித்தாரிலும் 'குதிரை' என்று சொல்லத்தக்க ஒரு கட்டையின் வழியாக மேற்பலகைக்கு இறங்குகிறது. அகன்ற அந்தப் பலகை அதிரும்போதுதான் காற்று அசைந்து இசை கேட்கிறது. ஆகவே, கித்தாரின் தொண்டை மேற்பலகைதான்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண எஃகுத் தந்திகள் ஆறையும் சுருதி கூட்டினால் அவற்றின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோகிராமைத் தாண்டும். வளர்ந்த ஓர் ஆள் எப்போதும் அந்தக் குதிரையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பதற்குச் சமம். இரவு பகல் ஓயாத இந்த இழுவையைத் தாங்கும் பலகையின் தடிமனோ ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். தடிமனாக வைத்தால் பலகை உடையாது, ஆனால் பாடாது. மெலிதாக வைத்தால் அருமையாகப் பாடும், சில ஆண்டுகளில் வயிறு புடைத்து, குதிரை சாய்ந்துவிடும். உடைவதற்குச் சற்று முன்னால் நிறுத்துவதே நல்ல கித்தாரின் இரகசியம் எனலாம்.

பலகைக்கு உள்ளே தாங்குசட்டங்கள் ஒட்டப்படுகின்றன. 1833இல் அமெரிக்காவுக்குக் குடியேறிய ஜெர்மானியரான கிறிஸ்டியன் பிரடெரிக் மார்ட்டினின் பட்டறையில், 1840களில் பெருக்கல் குறி வடிவில் சட்டங்களைக் குறுக்காக வைக்கும் முறை உருப்பெற்றது. அப்போது கித்தாரில் இருந்தது ஆட்டுக்குடல் தந்தி. மார்ட்டின் நிறுவனம் எஃகுத் தந்தியை இயல்பான அமைப்பாகக் கொண்ட மாதிரியை வெளியிட்டது 1922இல். எஃகின் இழுவையைத் தாங்க அந்தப் பெருக்கல் குறியே ஏற்றது என்பது அப்போது தெளிவாயிற்று. இன்றுவரை பெரும்பாலான எஃகுத் தந்திக் கித்தார்களுக்குள் இருப்பது அதுதான்.

கை செய்வது என்ன?

மேற்பலகைக்கு வழக்கமாகப் பயன்படுவது 'ஸ்புரூஸ்' எனப்படும் குளிர்நாட்டு ஊசியிலை மரம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் சிட்கா ஸ்புரூஸ் பெயர் பெற்றது. எடை குறைவு, விறைப்பு அதிகம் என்பதே இதன் சிறப்பு. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்து அறுத்த இரு பலகைகளைப் புத்தகத்தை விரித்தாற்போல் வைத்து நடுவில் ஒட்டுகிறார்கள். நடுக்கோட்டின் இருபுறமும் மரத்தின் ரேகைகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் ஒத்திருப்பது இதனால்தான்.

மரம் இரும்பு அல்ல. ஒரே காட்டின் இரு மரங்கள் ஒன்றுபோல் இருக்கமாட்டா. ஒரே மரத்தின் இரு பலகைகள்கூட விறைப்பிலும் எடையிலும் வேறுபடும். இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு பலகையை வளைக்கத் தேவைப்படும் விசை, அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டர் பலகையை 2.7 மில்லிமீட்டராக இழைத்தால் தடிமன் குறைவது 10 விழுக்காடுதான். விறைப்போ 27 விழுக்காடு குறைந்துவிடுகிறது. இழைப்புளி இரண்டு முறை கூடுதலாக ஓடினால் கருவியின் குணமே மாறிவிடும் என்பது இதற்குப் பொருள்.

தொழிற்சாலை என்ன செய்கிறது? நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் செய்யும் இடத்தில் ஒவ்வொரு பலகையோடும் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. எல்லாவற்றுக்கும் ஓர் அளவை முடிவு செய்து இயந்திரத்தில் கொடுத்துவிடுகிறார்கள். உத்தரவாதக் காலத்தில் ஒன்றும் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதால், கூட்டத்திலேயே மெலிந்த பலகையை மனத்தில் வைத்து, சற்றுத் தடிமனாகவே அந்த அளவு அமைகிறது. விறைப்பான நல்ல பலகைகள் தேவைக்கு மிஞ்சிய தடிமனோடு வெளியே போகின்றன. எப்போதாவது ஒரு மலிவான கித்தார் திடீரென்று அருமையாக ஒலிப்பதுண்டு. அந்தப் பலகைக்கு அந்த அளவு தற்செயலாகப் பொருந்திவிட்டது, அவ்வளவே.

பட்டறைக்காரர் அளவுகோலோடு நிறுத்திக்கொள்வதில்லை. பலகையை இரு விரல்களால் தொங்கவிட்டு, மறு கையால் தட்டிக் கேட்கிறார். 'டொக்' என்று செத்து விழும் ஒலியா, 'டிங்' என்று சற்று நேரம் நிற்கும் ஒலியா என்று கவனிக்கிறார். இரு ஓரங்களையும் பிடித்து மெல்ல வளைத்துப் பார்க்கிறார். சிலர் பலகையின் நடுவில் எடை வைத்து, எவ்வளவு தாழ்கிறது என்று கருவி கொண்டு அளக்கவும் செய்கிறார்கள். பிறகு இழைப்பு, மறுபடி தட்டல். தாங்குசட்டங்களை ஒட்டியபின் அவற்றையும் உளியால் கொஞ்சங்கொஞ்சமாகச் சீவி, மீண்டும் தட்டல். பக்கப் பலகைகளை நனைத்துச் சூடான குழாயின்மேல் வளைப்பதும், கழுத்தைப் பொருத்துவதும், மெட்டுகளை அடிப்பதும் பல நாள் வேலைதான் என்றாலும், அவற்றைத் தொழிற்சாலையும் செய்துவிடும். சொல்லப்போனால் மெட்டுகளைச் சீராகப் பதிப்பதில், கணினி இயக்கும் இயந்திரம் சுமாரான கைவினைஞரை எளிதில் தோற்கடித்துவிடும். இயந்திரத்துக்கு வராதது, 'இந்தப் பலகைக்கு இது போதும்' என்று சொல்லும் அந்த முடிவு.

ஈட்டி மரத்தின் மகிமை

கடைக்காரர் 'மரம்' என்று சொல்லும்போது அவர் விரல் மேற்பலகையைக் காட்டுவதில்லை. கித்தாரைத் திருப்பி, கருஞ்சிவப்பாக மின்னும் பின்பலகையைத்தான் காட்டுகிறார். 'ரோஸ்வுட்' என்பது அங்கே மந்திரச் சொல்.

நீண்ட காலம் இதற்குப் பயன்பட்டது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். பிரேசில் தன் கட்டைகளை அப்படியே ஏற்றுமதி செய்வதற்குத் தடைபோட்டதும், மார்ட்டின் நிறுவனம் 1969இல் வழக்கமான மாதிரிகளுக்கு இந்திய ரோஸ்வுட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது. இந்திய ரோஸ்வுட் வேறொன்றுமில்லை. நீலகிரியிலும் ஆனைமலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற காடுகளிலும் வளரும் ஈட்டி மரம்தான் அது. தாத்தா காலத்துக் கட்டில், பீரோ என்று தமிழ்நாட்டு வீடுகளில் அறியப்பட்ட அதே மரம், உலகத்தின் பாதிக் கித்தார்களுக்கு முதுகாயிற்று என்றால் அது பெரிய மிகையல்ல.

பிரேசில் மரம் அருகிப்போனதால் 1992இல், அருகிவரும் உயிரினங்களின் வாணிகம் குறித்த அனைத்துலக ஒப்பந்தமான 'சைட்ஸ்', அதை மிகக் கடுமையான முதற் பட்டியலில் சேர்த்தது. கிடைக்காத பொருளுக்குத்தான் மவுசு. 1969க்கு முந்திய கித்தார்களின் விலை ஏறிக்கொண்டே போக, 'அந்த மரத்தில்தான் அந்த ஒலி வரும்' என்ற நம்பிக்கையும் கூடவே ஏறியது. ஆசைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பெரிய நிறுவனங்களே சிக்கிக்கொண்டன. மடகாஸ்கர் கருங்காலி மரம் தொடர்பான விசாரணையில், கிப்சன் நிறுவனம் 2012இல் அமெரிக்க அரசாங்கத்துடன் உடன்பாடு செய்து 300,000 டாலர் அபராதம் செலுத்தியது.

கண்ணை மறைத்து வாசித்தவர்கள்

பக்னல் சோதித்தது இந்த நம்பிக்கையைத்தான். அவர் ஆறு கித்தார்களைச் செய்தார். ஒரே வடிவம், ஒரே வகைத் தாங்குசட்டங்கள், ஆறுக்கும் சிட்கா ஸ்புரூஸ் மேற்பலகை. பின்பலகையும் பக்கங்களும் மட்டும் ஆறு விதம்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். விலையில் இவற்றுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 52 கித்தார் கலைஞர்களை அழைத்தார்கள். எந்தக் கித்தார் கையில் இருக்கிறது என்று தெரியாதிருக்க, மங்கிய வெளிச்சத்தில், பற்றவைப்பவர்கள் அணியும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர்கள் வாசித்தனர். ஒலியின் தரத்துக்கு மதிப்பெண் கொடுக்கும்படி கேட்டபோது, ஆறு கித்தார்களுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் கிடைத்தது. அவர்களில் 31 பேர், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் சோதனையிலும் கலந்துகொண்டனர். அதிலும் சரியாகச் சொல்ல முடியாமல் பெரும்பாலும் தடுமாறினர். 2018ஆம் ஆண்டு அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்த அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களுள் பக்னலும் ஒருவர்.

இதில் அவர் இழப்பதற்கு நிறைய இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. அரிய மரத்துக்கு அதிகப் பணம் கொடுக்க முன்வரும் வாடிக்கையாளர்களை நம்பித்தான் சிறு பட்டறைகள் பல பிழைக்கின்றன. 'அந்தப் பணம் காதுக்கு அல்ல, கண்ணுக்கு' என்று நிரூபிக்கக்கூடிய சோதனைக்குத் தம் கையாலேயே கருவி செய்து கொடுப்பது சாதாரணச் செயல் அன்று.

அவருக்கு முன்பும் சிலர் இதைத் தொட்டிருக்கிறார்கள். ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் 1862இல், மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து, பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்த கித்தார் இன்றும் பார்சலோனா இசை அரும்பொருளகத்தில் இருக்கிறது. 1995இல் அமெரிக்காவின் பாப் டெய்லர், சரக்கு ஏற்றும் பழைய ஓக் 'பேலட்' பலகையை உடைத்துக் கித்தார் செய்து காட்டினார்.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. கோலாலம்பூரைச் சேர்ந்த கித்தார் கைவினைஞர் ஜெஃப்ரி யோங், மலேசிய மரங்களைக் கொண்டு கித்தார் செய்பவர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சாலையோரங்களில் குடைவிரித்து நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை அவர் பின்பலகைக்கு எடுத்துக்கொண்டார். 2006இல் அமெரிக்காவின் டகோமா நகரில் நடந்த கித்தார் தயாரிப்பாளர் சங்க மாநாட்டில், செய்தவர் யார், மரம் எது என்று தெரியாமல் கேட்டு வாக்களிக்கும் சோதனையில் அந்தக் கித்தார் முதலிடம் பெற்றது. வாக்களித்தவர்களில் பலர் அதே தொழிலைச் செய்பவர்கள் என்பதால் அந்த முடிவுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. தினமும் அந்த மரத்தடியில் பேருந்துக்குக் காத்திருக்கும் நமக்கு, அதற்குள் ஒரு கித்தார் இருப்பது தெரியவில்லை.

அப்படியானால் எல்லாம் ஒன்றா?

இந்த முடிவைக் கேட்டதும், 'ஆகக் கைவேலைக் கித்தார் என்பதே ஏமாற்று' என்று சொல்லக் கிளம்புவோர் உண்டு. சோதனை அப்படிச் சொல்லவில்லை. ஆறு கித்தார்களும் ஒருவர் பட்டறையில், ஒரே கவனத்தோடு செய்யப்பட்டவை. பின்பலகையை மாற்றியும் தரம் மாறவில்லை என்றால், தரத்தை நிலைநிறுத்தியது மாறாத பகுதிதான் என்று கொள்வதே பொருத்தம். மேற்பலகையும், அதைச் செதுக்கிய கையும்தான் மாறாத பகுதி. ஆனால் தொழிற்சாலைக் கித்தாரோடு கைவேலைக் கித்தாரை அந்த ஆய்வு ஒப்பிடவில்லை என்பதையும், ஒரே பட்டறையின் ஒரே மாதிரியை வைத்து நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

பின்பலகையால் பயனே இல்லை என்பதும் தவறு. எடை, உறுதி, அழகு, தட்பவெப்பத்தைத் தாங்கும் குணம் எல்லாம் மரத்துக்கு மரம் மாறும். ஈட்டி மரத்தின் அழகுக்காகவே ஒருவர் கூடுதல் விலை கொடுத்தால் அது அவர் விருப்பம். அழகுக்குக் கொடுப்பதை ஒலிக்குக் கொடுப்பதாக எண்ணிக்கொள்வதில்தான் நட்டம். அந்த எண்ணத்தால் காடும் நட்டப்படுகிறது. பக்னலின் பட்டறை, பழைய விஸ்கி பீப்பாய்களின் ஓக் மரத்தில்கூடக் கித்தார் செய்திருக்கிறது. வாங்குவோர் கேட்டால் இன்னும் பலர் அப்படிச் செய்வார்கள்.

நம் வீட்டுக் காற்று

இந்த வட்டாரத்தில் கித்தார் வாங்குவோர் மரத்தின் பெயரைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது ஈரப்பதத்தைப் பற்றி. பட்டறைகளில் காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 விழுக்காட்டில் வைத்துத்தான் பலகைகளை ஒட்டுகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. மெல்லிய பலகை ஈரத்தைக் குடித்து அகலவாட்டில் உப்புகிறது. மேற்பலகை புடைக்க, குதிரை உயர, தந்திகள் மெட்டுகளைவிட்டு எழும்பி விரல் வலிக்கிறது. ஒலியும் மந்தமாகிறது. 'குழந்தைக்கு ஆர்வம் போய்விட்டது' என்று பெற்றோர் நினைக்கும் பல இடங்களில், போனது கித்தாரின் உடல்நலமாக இருக்கலாம்.

பகலெல்லாம் சன்னலைத் திறந்துவைத்து, இரவில் குளிரூட்டியைப் போடும் அடுக்குமாடி வீட்டில் பலகை தினமும் விரிந்து சுருங்குகிறது. மெலிதாக இழைத்த கைவேலைக் கித்தாருக்கு இது இன்னும் ஆபத்து. புகைப்படக்காரர்கள் கேமராவைப் பாதுகாக்கும் உலர்பெட்டியைப் போல, கித்தாருக்கும் உலர் அலமாரிகள் கிடைக்கின்றன. அது இல்லாதவர்கள் மூடிய பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தையும், சிறிய ஈரமானியையும் வைக்கலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள் கித்தாரை விட்டுப்போவது மட்டும் கூடவே கூடாது. சூட்டில் பசை இளகி, அந்த 70 கிலோ இழுவை குதிரையைப் பிடுங்கி எறிந்துவிடும்.

கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஒட்டுப்பலகைக் கித்தாரே போதும், சொல்லப்போனால் நல்லது. ஒட்டுப்பலகை ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது. ஒலியில் கொஞ்சம் குறைந்தாலும், இரண்டு ஆண்டு கழித்தும் வாசிக்கும் நிலையில் இருக்கும். நாலைந்து ஆண்டு வாசித்துக் காது பழகிய பிறகு, பட்டறைக் கித்தாரைப் பற்றி யோசிக்கலாம். அப்போது கைவினைஞரிடம் 'பின்பலகை என்ன மரம்?' என்று தொடங்காமல், எவ்வளவு ஈரப்பதத்தில் செய்தீர்கள், மேற்பலகை எத்தனை ஆண்டு உலர்ந்தது, கழுத்தின் சாய்வைப் பின்னர் திருத்த முடியுமா என்று கேட்பது பயன்தரும். இக்கேள்விகளுக்கு மகிழ்ச்சியோடு நீண்ட பதில் சொல்பவரிடம் துணிந்து வாங்கலாம்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். 2017 சனவரியில் ஈட்டி உள்ளிட்ட எல்லா ரோஸ்வுட் வகைகளும் சைட்ஸ் இரண்டாம் பட்டியலில் சேர்ந்தபோது, ஒரு கித்தாரை வெளிநாட்டுக்கு விற்பதற்கே பட்டறைக்காரர் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. பெரிய நிறுவனத்தில் அதற்கென்று ஆள் உண்டு. பட்டறையில், உளி பிடித்த கையே படிவத்தையும் நிரப்பியது. 2019 நவம்பர் 26 முதல், செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு விலக்கு இல்லை. அந்த மரத்தாலான பழைய கித்தாரை எல்லை தாண்டி விற்கவோ வாங்கவோ நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே அதன் ஆவணங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.